ஓரினுக்கு ஒரு படி

விமானத்துக்குப் படி வைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்களை மார்லிஸ் டாலஃப்சனின் கொட்டகைக்கு ஒரே ஒரு நாள் அனுப்பிவைக்க வேண்டும். செப்டம்பர் மாதத்து மினசோட்டாக் குளிரில், விமானத்தின் வயிற்றுக்குள் குப்புறப் படுத்து, முழங்கையெல்லாம் கன்றிப்போய் அவள் கிடந்த கோலத்தைப் பார்த்தால் அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

படி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு முழ நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய். ஒரு முனையில் கால் வைக்கச் சின்னத் தகடு, மறுமுனையில் விமானத்தின் உடம்போடு சேர்த்து இறுக்குவதற்கு இன்னொரு தகடு. இறக்கைக்குப் பின்னால், உடம்பை ஒட்டினாற்போல நீட்டிக்கொண்டு நிற்கும். அதில் ஒரு காலை வைத்து எம்பினால் இறக்கைமேல் ஏறிவிடலாம். இறக்கையில் இரண்டு எட்டு நடந்தால் இருக்கை. கட்டும்போதே வைத்திருந்தால் ஒரு மத்தியான வேலை.

கட்டும்போது வைக்கவில்லை, அதுதான் சங்கதி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் விமானம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியபோது இரண்டு படிகளும் அதில் இருந்தன. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பெட்டியைத் திறந்து பார்த்த அவள் புருஷன் ஓரின்தான் சிரித்தான்.

"படியா? ஒரு படிக்கு ஒரு மைல் வேகம் போகும் மார்லிஸ். எடை வேற. இறக்கையில ஏறத் தெரியாதவன் எதுக்குப் பறக்கணும்? பஸ்ல போகட்டும்."

இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவளிடம் பேசுகிற பேச்சு அது. ஆனால் அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். வீட்டிலேயே விமானம் கட்டுகிற இந்த ஆட்களுக்கு எடைப் பைத்தியம் முற்றிப்போன ஒன்று. தங்கள் தொப்பையில் நாற்பது பவுண்டைத் தூக்கிக்கொண்டு திரிவார்கள், விமானத்தில் நாலு அவுன்ஸ் குறைப்பதற்கு ஒரு மாதம் அரத்தால் ராவுவார்கள். படிகள் இரண்டும் அலமாரியில் ஏறின. விமானத்தின் வயிறு ரிவிட் ஆணி அடித்து மூடப்பட்டது.

ஓரின் முப்பது வருஷம் வாடகைக்கு எடுத்த விமானங்களை ஓட்டியவன். அவன் இடது இருக்கை, அவள் வலது இருக்கை. பிறகு இதயத்தில் ஏதோ கோளாறு என்று டாக்டர் அவன் உரிமத்தை நிறுத்திவிட்டார். அவன் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. "நீ ஓட்டக்கூடாதுன்னா நான் ஓட்டிட்டுப் போறேன், இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு" என்று ஐம்பத்து மூன்றாவது வயதில் மார்லிஸ் போய்க் கற்றுக்கொண்டு வந்தாள். விமானத்தைக் கட்டலாம் என்று ஆரம்பித்ததும் அவள்தான். அவள் வெளியே நின்று ரிவிட் அடிப்பாள், ஒல்லியான ஓரின் உள்ளே நெளிந்து போய் ரிவிட்டுக்குப் பின்னால் இரும்புக் கட்டியை முட்டுக்கொடுப்பான். பன்னிரண்டாயிரம் ரிவிட். அத்தனைக்கும் இரண்டு பேர் கை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மார்ச் மாதம், பனி வாரிக்கொண்டிருந்த இடத்தில் ஓரினுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, அதிலும் நக்கல் முழுசாகத் திரும்பிவிட்டது. இடது கையும் இடது காலும்தான் அரைகுறையாக நின்றுவிட்டன. சமதரையில் தடி வைத்து நடப்பான். மாடிப்படியில் கம்பியைப் பிடித்து ஏறுவான். இரண்டடி உயர இறக்கையில் ஏற அவனால் முடியாது.

மார்லிஸ் மிச்ச வேலையை முடித்து, இந்த வருஷ வசந்தத்தில் விமானத்தைத் தரையிலிருந்து தூக்கினாள். முதல் நாற்பது மணி நேரம் தனியாகத்தான் பறக்க வேண்டும், வேறு யாரையும் ஏற்றக்கூடாது என்பது சட்டம். ஆகஸ்டில் நாற்பது மணி முடிந்தது. அந்த விமானத் திடலில் யார் விமானம் கட்டினாலும் முதல் பயணி யார் என்பது ஒரு பெரிய பேச்சு. சாகும்வரை சொல்லிக்கொண்டு திரிவார்கள். பக்கத்துக் கொட்டகை கேலன் வாயைத் திறந்தே கேட்டுவிட்டான்.

"சும்மா ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயேன் மார்லிஸ்."

"ஓரின்தான் முதல்ல."

"அவன் எப்ப ஏறி, எப்ப..."

"கேலன், வாய மூடு."

அவள் மூடச் சொன்னாளே தவிர அவளுக்கும் அந்தப் பயம்தான். பனி விழுந்தால் ஏப்ரல்வரை ஓடுதளம் மூடிக் கிடக்கும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பேச்சை அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. இன்னொரு தடவை வந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். அக்டோபருக்குள் ஓரினை மேலே கொண்டுபோய்விட வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு ஒரு ஆசையும் இல்லை.

முதலில் சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தாள். ஓரின் ஒரு காலை வைத்தான், முக்காலி ஆடியது, ஆள் இடுப்பில் அடிபட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"சரி, ஏறிட்டேன்னே வெச்சிக்கோ," என்றான் தரையில் உட்கார்ந்தபடியே. "போற ஊர்ல இறங்கறதுக்கு யாரு முக்காலி போடுவா? இது பின்னாடியே பறந்து வருமா?"

அன்றைக்குத்தான் அவள் அலமாரியில் ஏறி அந்தப் படிகளைத் தேடி எடுத்தாள். இரண்டில் ஒன்றை மட்டும். பயணி உட்காருவது வலப்பக்கம், அவளுக்குக் கால் நன்றாக இருக்கிறது, இடப்பக்கத்துக்கு எதற்கு வீண் எடை என்று வலதுபடியை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டாள். பைத்தியம் இன்னும் தெளியவில்லை என்று அர்த்தம்.

அதற்கப்புறம் மூன்று வாரம் பட்ட பாடு இருக்கிறதே! இருக்கைகளைக் கழற்றி, சாமான் வைக்கும் இடத்தின் அடித்தகட்டைத் தூக்கினால்தான் படியின் தகடு உட்காரும் இடமே கண்ணுக்குத் தெரியும். அந்த அடித்தகட்டில் எண்பத்தாறு ரிவிட். அவள் கையால், அழகாக, வரிசை பிசகாமல் அடித்தவை. ஒவ்வொன்றின் தலையையும் டிரில் வைத்துத் துளைத்து, பின்பக்கத்திலிருந்து தட்டி எடுக்க வேண்டும். கை கொஞ்சம் நழுவினால் ஓட்டை பெரிதாகிவிடும். நாலு இடத்தில் நழுவியது.

"அடச் சனியனே!" என்று அவள் கத்துவது ஓடுதளம்வரை கேட்டது.

வாசலில் நாற்காலி போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்த ஓரின், "எத்தனையாவது?" என்றான்.

"மூணாவது."

"காலைலேர்ந்தா, நேத்திலேர்ந்தா?"

"ஓரின், உனக்காகத்தான் உள்ள கிடக்கேன். கொஞ்சம் சும்மா இரு."

"நான் கேட்டனா? என்னை ஏத்தறதுக்காக நல்லா இருக்கற விமானத்தக் கொத்திக் குதறாதேன்னுதான் சொல்றேன். கேலனக் கூட்டிட்டுப் போ. வாயப் பொளந்துக்கிட்டு நிக்கறான்."

இந்தப் பேச்சுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். எண்பத்தாறு ரிவிட்டைக்கூட மன்னித்துவிடலாம். ஆசை இல்லாதவன்போல அவன் முகத்தை வைத்துக்கொள்வதை எப்படி மன்னிப்பது? அவள் தனியாகப் பறந்த நாற்பது மணி நேரமும் அதே நாற்காலியில் உட்கார்ந்து, விமானம் திரும்பி வந்து இறங்கும்வரை வானத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தவன்தானே!

உடம்பில் துளை போடுகிற நாள் வந்தது. படம் பார்த்து, நாலு தடவை அளந்து, கோடு போட்டு டிரில்லை வைத்தாள். முதல் துளை சரியாக விழுந்தது. இரண்டாவது துளை உள்ளே விலா எலும்புபோல இருந்த சட்டத்துக்கு அரை விரற்கடை தள்ளி விழுந்தது. பெட்டிகளை அனுப்பிய விமானக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டால், எடுத்தவன் ரொம்ப மரியாதையாக, "இதை வயித்த மூடறதுக்கு முன்னாடியே வெச்சிருக்கலாமே மேடம்" என்றான். இந்தப் புத்திமதியைக் கேட்கவா பத்து நிமிஷம் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருந்தாள்? தாங்குதகடு ஒன்று வெட்டி, வளைத்து, ராவி, உள்ளே வைத்துச் சரிக்கட்ட இன்னும் ஐந்து நாள் போயிற்று.

ரிவிட் அடிக்கக் கேலன் வந்தான். பெரிய உடம்பு, அவனால் உள்ளே போக முடியாது. ஆகவே மார்லிஸ் உள்ளே இரும்புக் கட்டியோடு படுத்துக்கொண்டாள், அவன் வெளியே ரிவிட் அடிக்கிற துப்பாக்கியோடு நின்றான். கேலன் நல்லவன், ஆனால் பேசாமல் அவனுக்கு ஒரு ரிவிட்கூட அடிக்க வராது.

"ரெடியா? ... அடிக்கட்டா? ... எங்க வீட்டுல நேத்து என்ன தெரியுமா..."

"அடிடா முதல்ல! கை மரத்துப் போகுது!"

"அடிச்சிட்டேன்."

"எங்க அடிச்சே? நான் இங்கே இருக்கேன், நீ அடுத்த ஓட்டையில அடிக்கறே!"

வாசலிலிருந்து ஓரினின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் உள்ளேயிருந்தே பல்லைக் கடித்தாள். முட்டு இல்லாமல் அடித்த ரிவிட் கோணிக்கொண்டு நின்றது. அதையும் துளைத்து எடுத்தாள்.

எப்படியோ படி நின்றது. மார்லிஸ் இரண்டு பூட்ஸ் காலோடும் அதில் ஏறிக் குதித்தாள். கேலன் ஏறி நின்றான், அசையவில்லை. கேலனைத் தாங்கினால் யாரையும் தாங்கும். அடித்தகட்டைத் திரும்ப வைத்து எண்பத்தாறு ரிவிட்டும் அடித்து, படிக்கு வெள்ளை பெயிண்டும் அடித்தாள். தராசு கொண்டுவந்து விமானத்தை மறுபடி எடை போட்டு, பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. அக்டோபர் முதல் சனிக்கிழமை, திடலில் எல்லாரும் சேர்ந்து பான்கேக் சுட்டுச் சாப்பிடுகிற நாள். அன்றைக்கு ஓரினைக் கூட்டிக்கொண்டு போவதாக முடிவு.

ஒரு நாள் முன்னதாகச் சும்மா ஏற்றிப் பார்க்கலாம் என்று கொட்டகைக்கு அழைத்துவந்தாள். ஓரின் சவரம் செய்துகொண்டு, பழைய தோல் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதை அவள் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வலப்பக்கம் போய், இறக்கைக்குப் பின்னால் முன்னே பார்த்து நின்றான். விமானத்தின் உடம்பு அவனுக்கு இடது கைப்பக்கம். பிடித்துக்கொள்ள வேண்டிய விளிம்பும் இடப்பக்கம். படி, உடம்பை ஒட்டி, சரியாக அவனுடைய இடது காலுக்கு நேராக இருந்தது.

வலது கையால் கால்சட்டையைப் பிடித்து இடது காலைத் தூக்கிப் படியில் வைத்தான். கால் படியில் இருந்தது, அவ்வளவுதான். அது அவனைத் தூக்கவில்லை. இடது கை விளிம்பைத் தொட்டது, பிடிக்கவில்லை. காலை மாற்றிப் பார்த்தான். வலது காலைக் குறுக்கே போட்டுப் படியில் வைத்தால் உடம்பு முறுக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தது. கேலன் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து உந்தினான்.

"விடுடா! உருளைக்கிழங்கு மூட்டையா ஏத்தறே!"

"ஒரு தம் பிடி ஓரின், இதோ..."

"விடுன்னு சொன்னேன்ல!"

கேலன் விட்டான். ஓரின் தடியை ஊன்றி நின்று மூச்சு வாங்கினான். முகம் சிவந்திருந்தது. மார்லிஸைப் பார்க்காமல் படியைப் பார்த்துப் பேசினான்.

"அந்தத் தெரபிப் பொண்ணு சொல்லும். மேல ஏற நல்ல கால் முதல்ல, கீழ இறங்க கெட்ட கால் முதல்ல. நல்லது சொர்க்கத்துக்கு, கெட்டது நரகத்துக்கு. தெனமும் மாடில அப்படித்தான் ஏறறேன். இங்க கெட்டதுதான் முதல்ல போகும் போலருக்கு." தடியைத் தட்டிக்கொண்டு போய்ப் பிக்கப் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

கேலன் மெல்ல, "நாளைக்கு வேணா ரெண்டு பேரா சேந்து தூக்கி..." என்று ஆரம்பித்தான்.

"போயிடு," என்றாள் மார்லிஸ். "தயவு செஞ்சு போயிடு."

அவன் போனதும் கையில் இருந்த துணியைத் தரையில் வீசி அடித்தாள். அது போதவில்லை. பெயிண்ட் டப்பாவை ஓர் உதை விட்டாள். மூன்று வாரம்! எண்பத்தாறு ரிவிட்டைக் கழற்றி, எண்பத்தாறு ரிவிட்டை அடித்து, ஊரைக் கூட்டுவதுபோல ஆர்ப்பாட்டம் செய்து, கடைசியில் தாலி கட்டாத குறையாகக் கூட வாழ்கிற புருஷனின் காலை ஒரு தடவை யோசித்தாளா? தினமும் அவன் மாடி ஏறுவதைப் பார்க்கிறவள்! பயணி என்றால் வலப்பக்கம். அந்த ஒரு வார்த்தை மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டு கண்ணை மறைத்துவிட்டது. அவளுக்கு அவள்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது, அழுதாள்.

மூக்கைச் சிந்திக்கொண்டு, பழக்க தோஷத்தில் இடப்பக்கமாகப் போய், விமானத்தில் ஏறி உட்காரலாம் என்று இறக்கைக்குப் பின்னால் நின்றாள். வலது கை தானாகப் போய் விளிம்பைப் பிடித்தது. வலது கால் தானாக எழும்பியது. அப்படியே நின்றுவிட்டாள்.

இந்தப் பக்கம் என்றால் எல்லாமே வலதுதான். பிடிப்பதும் வலது, மிதிப்பதும் வலது. ஓரினின் நல்ல கை, நல்ல கால்.

ஆனால் இந்தப் பக்கம் ஏறினால் உட்காருகிற இடமும் இந்தப் பக்கம்தான். நடுவில் கைப்பிடிகளும் ஓட்டுகிற கோல்களும் இருக்கின்றன, மடங்காத காலை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர முடியாது. இது இடது இருக்கை. ஓட்டுகிறவரின் இருக்கை. கோலும் பெடலும் இரண்டு பக்கமும் உண்டு, ஆனால் வேகம், உயரம் காட்டும் முட்கள் எல்லாம் இதற்கு நேராகத்தான். முப்பது வருஷம் வலப்பக்கம் உட்கார்ந்து, மடியில் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு, "இதோ பார், அதோ பார்" என்று அவன் காட்டியதைப் பார்த்துக்கொண்டு வந்தவள் அவள். இந்த ஓர் இருக்கைக்காகத்தான் ஒன்பது வருஷம் உழைத்தாள். அதை யாருக்கும் கொடுக்க அவளுக்கு மனசில்லை. ஓரினுக்குக் கொடுக்கக்கூட மனசில்லை. அதை அவளே சத்தமாகச் சொன்னாள், கொட்டகையில் யாரும் இல்லை என்பதால்.

"என் இடம் இது!"

பிறகு டிரில்லை எடுத்து, முந்தாநாள் அடித்த ரிவிட்டுகளில் முதல் ரிவிட்டின் தலையில் வைத்தாள்.

பான்கேக் சனிக்கிழமை போயிற்று. அதற்கடுத்த சனிக்கிழமையும் போயிற்று. இடப்பக்கத்தில் படித்தகடு உட்கார வேண்டிய இடத்தில், வாலுக்குப் போகிற ஒயர்க் கட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவளே சீராகக் கட்டி, பசை போட்டு ஒட்டியது. அதைப் பிய்த்து வேறு வழியாகக் கொண்டுபோக நாலு நாள் ஆனது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒருநாள் காலையில் கொட்டகை வாசலில் மெல்லிசாகப் பனி படிந்திருந்தது. வெயில் வந்து கரைத்தது, ஆனால் அன்றைக்கு அவள் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. கேலன் கூப்பிடாமலே வந்து, பேசாமல் ரிவிட் அடித்தான். அவன் பேசாமல் அடிப்பதே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வேலை முடிந்ததும் ஐந்து நாள் தனியாக, வலது இருக்கையிலிருந்து ஓட்டிப் பழகினாள். எந்தக் கைக்கு எந்த வேலை என்பதே மாறிப்போயிற்று. வேகமுள் கண்ணுக்குச் சாய்வாகத் தெரிந்தது. இறங்குகிற நேரத்தில் கழுத்தை நீட்டி அதைப் பார்ப்பதா, தரையைப் பார்ப்பதா என்று தெரியாமல் முதல் நாள் மூன்று தடவை துள்ளி இறங்கினாள். ஐந்தாம் நாள் துள்ளவில்லை, ஆனால் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

அக்டோபர் கடைசி ஞாயிறு. காற்று இல்லை. ஓரினைக் கொண்டுபோய் இடப்பக்கம் நிறுத்தினாள். அவன் படியைப் பார்த்தான், இருக்கையைப் பார்த்தான்.

வலது கையால் விளிம்பைப் பிடித்தான். வலது காலைப் படியில் வைத்தான். ஒரே எம்பு. இறக்கைமேல் நின்றான். யாரும் தொடவில்லை. கேலன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கீழே சும்மா நின்றான். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் ஓரின் மேலேயிருந்து எல்லாரையும் குனிந்து பார்த்தான்.

ஆனால் உட்காரவில்லை.

"இது உன் இடம் மார்லிஸ்."

"தெரியும். உக்காரு."

"நான் மாட்டேன். உன் இடத்தைப் பிடுங்கிக்கிட்டு எனக்குப் பறக்க வேண்டாம். இறக்கி விடு."

அவளுக்கு இரண்டு மாசத்துக் கோபமும் ஒன்றாகத் திரண்டு வந்தது.

"இங்க பார் ஓரின் டாலஃப்சன்! எண்பத்தாறு ரிவிட்ட ரெண்டு தரம் பிடுங்கி ரெண்டு தரம் அடிச்சிருக்கேன். என் முழங்கையப் பாரு! கழுத்தப் பாரு! ஆசையா கட்டின விமானத்துல ஆறு ஓட்டை போட்டிருக்கேன். மனசார ஒண்ணும் நான் இதக் குடுக்கல. எரியுது எனக்கு. எரிஞ்சாலும் குடுக்கறேன். இப்ப நீ உக்காரலேன்னா இத ரம்பத்தால அறுத்துப் பழைய தகரத்துக்குப் போட்டுடுவேன். செய்வேனா மாட்டேனா?"

"செய்வே," என்றான் ஓரின்.

உட்கார்ந்தான். இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டான். அவள் சுற்றிவந்து வலப்பக்கம் ஏறினாள். பெல்ட்டை மாட்டிக்கொண்டதும் அவன், "நான் ஒண்ணையும் தொடமாட்டேன்" என்று சொல்லி, நல்ல கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். பெடலில் கால் படாமல் தள்ளி வைத்துக்கொண்டான்.

அரை மணி நேரம் பறந்தார்கள். ஏரிகளின்மேல், அறுவடை முடிந்த சோளக்காடுகளின்மேல். அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. இறங்கத் திரும்பியபோதுதான் அவள் கழுத்தை நீட்டினாள், சுளுக்கு பிடித்து இழுத்தது.

"நீ தரையைப் பாரு," என்றான் ஓரின். "முள்ள நான் பாக்கறேன்."

"சொல்லு."

"எண்பத்தஞ்சு... எண்பத்திரண்டு... எண்பது. அப்படியே வா. எண்பது... எழுபத்தெட்டு..."

சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை. இந்த விமானத்தில் அவள் இப்படி இறங்கியதே இல்லை.

ஓடுதளத்தின் ஓரத்தில், புறப்படக் காத்துக்கொண்டு, வெளியூர் மஞ்சள் விமானம் ஒன்று நின்றிருந்தது. அதில் இருந்த ஆள், இடது இருக்கையில் நரைத்த தலையும் தோல் சட்டையுமாக ஒரு பெரியவர் கடந்து போவதைப் பார்த்திருக்கிறான். ரேடியோவில் அவன் குரல் வந்தது. திடலில் பான்கேக் சுடுகிற கொட்டகையின் ஒலிபெருக்கியிலும் எல்லாருக்கும் அது கேட்டுக்கொண்டிருக்கும்.

"அடேயப்பா! வெண்ணெயாட்டம் இறக்கினீங்க சார். நீங்களே கட்டினதா?"

இதுதான், இதற்குத்தான் மார்லிஸ் பயந்தாள். இனிமேல் போகிற ஊரிலெல்லாம் இப்படித்தான் கேட்பார்கள், அவள் பக்கத்தில் உட்கார்ந்து இளித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஓரின் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தான். ரேடியோவில் பேசும் பொத்தான் அவன் பக்கத்துக் கோலின் உச்சியில் இருந்தது.

"தொடலாமா?" என்று அவளைக் கேட்டான்.

அவள் தலையை ஆட்டினாள். அவன் கோலை அசைக்காமல் கட்டைவிரலால் பொத்தானை மட்டும் அழுத்தினான்.

"இறக்கினது என் பொண்டாட்டி. வலப்பக்கம் உக்காந்திருக்கா பாருங்க," என்றான். "கட்டினதும் அவதான். நான் பயணி."

முப்பது வருஷத்தில் அவன் அந்த வார்த்தையைத் தன்னைப் பற்றிச் சொல்லி அவள் கேட்டதில்லை. மஞ்சள் விமானத்துக்காரன், "மன்னிச்சிக்கோங்க மேடம்" என்றான். மார்லிஸுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

"விரல எடு," என்றாள். "திரும்பணும். எனக்கு ஒண்ணும் தெரியல, அந்தப் பக்கம் யாராவது வராங்களா பாரு."

ஓரின் விரலை எடுத்துவிட்டு இடப்பக்கம் பார்த்தான்.

"யாரும் இல்ல," என்றான். "போ."